போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் திரும்பத் திரும்பக் கெடுகிறதா? காரணத்தைப் பிடித்து நிறுத்த ஒரு முழு வழிகாட்டி

மின்னஞ்சலை வைத்துத் தேடினால் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்கிறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸைத் தொடாமல் டேபிளை முழுக்கப் படிக்கச் சொன்னால் அதே வாடிக்கையாளரின் பதிவு வந்து நிற்கிறது. ரீஇண்டெக்ஸ் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. சில வாரம் கழித்து மறுபடியும் அதே புகார், சில சமயம் வேறொரு டேபிளில்.

முதல் முறை கெட்டபோது இண்டெக்ஸைத் திரும்பக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனால் அதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது முறையும் கெட்டால் நிற்க வேண்டும். ரீஇண்டெக்ஸ் அறிகுறியைப் போக்கும், கூடவே தடயத்தையும் அழித்துவிடும். கெட்ட பக்கங்கள் (டிஸ்க்கில் தரவு இருக்கும் 8 கேபி துண்டுகள்) போய்ப் புதுப் பக்கங்கள் வந்த பிறகு, ஏன் கெட்டது என்று கேட்க எதுவும் மிஞ்சாது. அதனால்தான் பல குழுக்கள் மாதக்கணக்கில் ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன.

கீழே சொல்வது லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 12-க்கும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளுக்கும். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எந்த இண்டெக்ஸ்கள் கெட்டன, எவை கெடவில்லை? இதற்குச் சரியான பதில் கையில் இருந்தால் காரணம் பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: எதையும் திருத்துவதற்கு முன் நகல் எடுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. முடிந்தால் சர்வரை முறையாக நிறுத்தி, டேட்டா டைரக்டரியை முழுதாக வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். டேபிள்ஸ்பேஸ் தனியாக இருந்தால் அதையும், பிஜி_வால் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வால் லாக் உள்ள டைரக்டரி) தனி டிஸ்க்கில் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நிறுத்தவே முடியாத நிலையென்றால், செக்பாயிண்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) ஓட்டிவிட்டு, கெட்ட இண்டெக்ஸின் கோப்பை மட்டுமாவது பத்திரப்படுத்துங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்பதை பிஜி_ரிலேஷன்_ஃபைல்பாத் சொல்லும்.

கூடவே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். ஒவ்வொரு முறை கெடும்போதும் எழுத வேண்டியவை: இண்டெக்ஸின் பெயர், வகை, அதில் உள்ள காலங்களின் (டேபிளின் நெடுவரிசைகளின்) டேட்டா டைப், பிழைச் செய்தியில் வந்த பிளாக் (பக்க) எண், எந்த சர்வர், போஸ்ட்கிரெஸின் துல்லியமான பதிப்பு, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஜிலிப்சி (அடிப்படை சி நூலகம்) பதிப்பு, அந்த இண்டெக்ஸைக் கடைசியாக எப்போது, எந்தக் கட்டளையால் கட்டினீர்கள், கடைசியாக ஃபெயில்ஓவர் (முதன்மைச் சர்வரின் வேலையை நகல் சர்வர் ஏற்பது) எப்போது நடந்தது, மின்தடையோ கிராஷோ எப்போது. இரண்டு மூன்று நிகழ்வுகள் வரிசையாகப் பதிவானாலே நினைவில் பிடிபடாத ஒற்றுமைகள் தாளில் தெரியும்.

ஜீரோ_டேமேஜ்ட்_பேஜஸ் அமைப்பை இப்போது இயக்காதீர்கள். அது கெட்ட பக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு முன்னே போகும். டேபிளின் பக்கம் அதில் மாட்டினால் உண்மையான தரவே போய்விடும். வால் லாக்கையே அழித்துவிடும் பிஜி_ரீசெட்வால் பக்கமும் போக வேண்டாம். இரண்டையும் தொட்டே ஆக வேண்டுமென்றால், எடுத்து வைத்த நகலில் மட்டும் செய்து பாருங்கள்.

படி 2: கெட்டது இண்டெக்ஸா, டேபிளா?

ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மேப்ஸ்கேன் மூன்றையும் ஆஃப் செய்துவிட்டு, சந்தேகத்துக்குரிய க்வெரியை ஓட்டுங்கள். பிறகு மூன்றையும் ஆன் செய்து, எனேபிள்_செக்ஸ்கேனை ஆஃப் செய்து அதையே ஓட்டுங்கள். எக்ஸ்ப்ளெயின் போட்டு, திட்டம் உண்மையிலேயே மாறியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைகளும் வேறுபட்டால் இண்டெக்ஸும் டேபிளும் ஒத்துப்போகவில்லை என்பது உறுதி.

அப்புறம் லாக். எஸ்க்யூஎல் பிழைக் குறியீடுகளில் எக்ஸ்எக்ஸ்001 என்றால் தரவு கெட்டது, எக்ஸ்எக்ஸ்002 என்றால் இண்டெக்ஸ் கெட்டது. லாக் முன்னொட்டில் இந்தக் குறியீடு வரும்படி அமைத்திருக்காவிட்டால் இன்றே அமையுங்கள். ஒரு பிளாக்கில் தவறான பக்கம் இருப்பதாகச் செய்தி வந்தால், எந்தக் கோப்பு என்று பாருங்கள். அது டேபிளின் கோப்பாக இருந்தால் உங்கள் பிரச்சினை இண்டெக்ஸைவிடப் பெரியது; நேராகப் படி 5-இல் டிஸ்க் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தவறான விடை மட்டும் வருவதும் உண்டு. மௌனமாக நடக்கும் இந்த வகைதான் அதிகம் சேதம் செய்வது. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்க வேண்டிய யுனிக் இண்டெக்ஸ் ஏற்கெனவே உள்ள பதிவைக் காணாததால் அதே மின்னஞ்சலுக்கு இரண்டாவது கணக்கு திறந்துவிடும். யாரும் கவனிக்காமல் வாரங்கள் ஓடும்.

படி 3: ஆம்செக் கொண்டு முழுச் சோதனை

போஸ்ட்கிரெஸோடு வரும் ஆம்செக் எக்ஸ்டென்ஷன்தான் இந்த வேலைக்கான முதன்மைக் கருவி. இது பதிப்பு 10 முதல் இருக்கிறது. இதில் இரண்டு ஃபங்ஷன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிடி_இண்டெக்ஸ்_செக் லேசான பூட்டோடு ஓடும். சாதாரண செலெக்ட் எடுக்கும் அதே பூட்டு என்பதால் வேலை நேரத்திலும் ஓட்டலாம், ரெப்ளிகா என்ற நகல் சர்வரிலும் ஓட்டலாம். பிடி_இண்டெக்ஸ்_பேரண்ட்_செக் இன்னும் ஆழமாகப் போய், மேல்நிலைப் பக்கங்களுக்கும் கீழ்நிலைப் பக்கங்களுக்கும் உள்ள உறவையும் சரிபார்க்கும். ஆனால் டேபிளில் எழுதுவதைத் தடுக்கும் பூட்டை எடுக்கும், ரெப்ளிகாவில் ஓடாது.

இரண்டிலும் ஹீப்ஆல்இண்டெக்ஸ்ட் என்ற விருப்பத்தை ஆன் செய்யுங்கள். இது பதிப்பு 11-இல் வந்தது. இது இல்லாமல் ஓட்டினால் இண்டெக்ஸுக்குள் வரிசை சரியா என்று மட்டும்தான் தெரியும். இதைப் போட்டால்தான் டேபிளில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் இண்டெக்ஸில் இடம் இருக்கிறதா என்று தெரியும். வரிசை அழகாக இருந்தும் பதிவு விட்டுப்போன இண்டெக்ஸ்கள் உண்டு. அவற்றை இந்த ஒரு விருப்பம்தான் காட்டிக்கொடுக்கும்.

பதிப்பு 14 முதல் பிஜி_ஆம்செக் என்ற கட்டளை வரி நிரலும் இருக்கிறது. எல்லா டேட்டாபேஸ்களையும் பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் சோதிக்கும், டேபிள் பக்கங்களையும் பார்க்கும். பதிப்பு 17-இல் செக்யுனிக் என்ற விருப்பம் சேர்ந்தது. யுனிக் இண்டெக்ஸில் ஒரே மதிப்புக்கு உயிரோடு இரண்டு பதிவுகள் இருந்தால் அது சொல்லும்.

ஆம்செக் பிழை சொன்னால் அதை நம்புங்கள். பொய்யாக அலற அதற்குக் காரணமில்லை. நடக்கவே கூடாத நிலையைக் கண்டால் மட்டுமே அது பேசும். மாறாக, அது மௌனமாக இருந்தால் எல்லாம் நலம் என்று முடிவு கட்டக் கூடாது. பழைய பதிப்புகளில் அது வழக்கமான வகையான பி-ட்ரீ இண்டெக்ஸ்களை மட்டுமே பார்க்கும். ஜின் என்ற இன்னொரு வகை இண்டெக்ஸுக்கான சோதனை பதிப்பு 18-இல்தான் வந்தது.

கெட்டதாகப் புகார் வந்த ஒரு இண்டெக்ஸை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் சோதியுங்கள், ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக. அடுத்த படிக்கு முழுப் பட்டியல் வேண்டும்.

படி 4: பட்டியல் என்ன சொல்கிறது?

கெட்ட இண்டெக்ஸ்களை ஒரு பக்கமும் நல்லவற்றை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள்.

எழுத்து சார்ந்த காலங்கள் மேல் உள்ளவை மட்டும் கெட்டு, எண், தேதி, யூயூஐடி இண்டெக்ஸ்கள் எல்லாம் நன்றாக இருந்தால், கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) மாறியிருக்கிறது. இதுதான் நடைமுறையில் மிக அதிகம் காணும் வகை.

காலத்தின் மேல் நேரடியாக இல்லாமல், ஏதாவது ஃபங்ஷனின் விடைமேல் கட்டிய இண்டெக்ஸ்கள் மட்டும் கெட்டிருந்தால் அந்த ஃபங்ஷனைச் சந்தேகியுங்கள்.

எழுதுவதைத் தடுக்காமல் கட்ட உதவும் கன்கரன்ட்லி என்ற சொல்லோடு கட்டிய இண்டெக்ஸ்கள் மட்டும், அதுவும் அடிக்கடி அப்டேட் நடக்கும் டேபிள்களில் கெட்டிருந்தால், போஸ்ட்கிரெஸின் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

எண்ணும் எழுத்தும் கலந்து, எந்த ஒழுங்கும் இல்லாமல், டேபிள் பக்கங்களும் சேர்ந்து கெட்டிருந்தால் டிஸ்க், மெமரி, பேக்கப் முறை ஆகியவற்றைத் தோண்ட வேண்டும். போஸ்ட்கிரெஸின் சொந்த கேட்டலாக் இண்டெக்ஸ்களும் கெட்டிருந்தால் இந்த வகை என்று கிட்டத்தட்ட உறுதி. பதிப்பு 12 முதல் கேட்டலாக் இண்டெக்ஸ்கள் பைட் வரிசையில் ஒப்பிடும் சி கொலேஷனில் இருப்பதால் மொழி வரிசை மாற்றம் அவற்றைத் தொடாது.

படி 5: காரணத்தை உறுதி செய்தல்

கொலேஷன் மாற்றம்

பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய பட்டியல். எது முன், எது பின் என்ற விதியை எழுத்துச் சரங்களுக்குப் போஸ்ட்கிரெஸ் தானே வகுப்பதில்லை. வழக்கமான அமைப்பில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஜிலிப்சியிடம் கேட்கிறது. ஒரு நூலகர் தன் வரிசையில் புத்தகங்களை அடுக்கிவிட்டுப் போனபின், வேறு வரிசை தெரிந்த இன்னொருவர் அதே அலமாரியில் தேடுவது போன்ற நிலை, ஜிலிப்சி மாறியதும் ஏற்படுகிறது. புத்தகம் உள்ளேயே இருக்கும், ஆனால் அவர் தேடும் இடத்தில் இருக்காது. போதாததற்கு அவர் புதுப் புத்தகங்களைத் தன் வரிசைப்படி சொருகத் தொடங்குவார். அதன்பின் இரண்டு வரிசையும் கலந்துவிடும்.

2018 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.28 இந்த விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. டெபியன் 9-இல் இருந்தது 2.24, டெபியன் 10-இல் 2.28. ரெட் ஹேட் 7-இல் 2.17, ரெட் ஹேட் 8-இல் 2.28. உபுண்டு 18.04-இல் 2.27, 20.04-இல் 2.31. இந்தக் கோட்டைத் தாண்டிய எந்த மேம்படுத்தலும் எழுத்து இண்டெக்ஸ்களைக் கெடுக்கும் வாய்ப்பு உண்டு. சோதிக்க எளிய வழி: "1-1", "11" என்ற இரண்டு வரிகளை அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 லொகேலில் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். பழைய ஜிலிப்சி 11-ஐ முதலில் தரும், புதியது 1-1-ஐ முதலில் தரும். ஒரே கிளஸ்டரின் இரண்டு சர்வர்கள் இதற்கு வெவ்வேறு விடை தந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

சரி, ஒரு முறை மேம்படுத்தினால் ஒரு முறைதானே கெட வேண்டும், ஏன் திரும்பத் திரும்ப? இதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பிரைமரியும் (முதன்மைச் சர்வர்) ரெப்ளிகாவும் வேறு வேறு ஜிலிப்சியில் ஓடுவது. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் பக்கங்களை அப்படியே நகலெடுக்கிறது. பிரைமரியின் வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் ரெப்ளிகாவுக்குத் தவறான இண்டெக்ஸ். ரெப்ளிகாவில் தேடல் பொய் சொல்லும். ஃபெயில்ஓவர் ஆனதும் புதிய பிரைமரி தன் வரிசையில் எழுதும். நீங்கள் ரீஇண்டெக்ஸ் செய்வீர்கள், இங்கே சரியாகும், இப்போது பழைய சர்வருக்கு அது தவறு. அடுத்த ஃபெயில்ஓவரில் மறுபடி கெடும். இந்த ஊசலாட்டத்தை எத்தனை ரீஇண்டெக்ஸ் போட்டாலும் நிறுத்த முடியாது. ஃபெயில்ஓவர் தேதிகளையும் கெட்ட தேதிகளையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது சட்டென்று தெரியும்.

இரண்டாவது, டாக்கர் இமேஜ். டேக்கில் டெபியன் வெளியீட்டின் பெயரைக் குறிப்பிடாமல் போஸ்ட்கிரெஸ் பதிப்பை மட்டும் எழுதியிருந்தால், அடியில் உள்ள டெபியன் மாறும்போது உங்களுக்குத் தெரியாமலே ஜிலிப்சியும் மாறும். டெபியன் 11-இல் 2.31, டெபியன் 12-இல் 2.36. இன்னும் மோசம், அதே வால்யூமை ஒரு நாள் டெபியன் இமேஜிலும் இன்னொரு நாள் ஆல்பைன் இமேஜிலும் ஏற்றுவது. ஆல்பைனில் ஜிலிப்சியே கிடையாது, மஸ்ல் என்ற வேறு நூலகம். அதன் வரிசை முற்றிலும் வேறு.

மூன்றாவது, எச்சரிக்கையை மட்டும் வாயடைப்பது. பதிப்பு 15 முதல் டேட்டாபேஸோடு இணையும்போதே கொலேஷன் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வரும். ஆல்ட்டர் டேட்டாபேஸ் ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் என்ற கட்டளை அந்த எச்சரிக்கையை நீக்கும். அவ்வளவுதான் அது செய்வது; ஒரு இண்டெக்ஸையும் அது திரும்பக் கட்டாது. ரீஇண்டெக்ஸ் முழுதாக முடிந்தபின் கடைசியாக ஓட்ட வேண்டியது இது.

நான்காவது, பாதி ரீஇண்டெக்ஸ். புகார் வந்த இண்டெக்ஸை மட்டும் திரும்பக் கட்டிவிட்டு மற்ற எழுத்து இண்டெக்ஸ்களை விட்டுவைப்பது. அவை ஒவ்வொன்றாக அடுத்த மாதங்களில் வெளிப்படும்போது, மீண்டும் கெடுவதுபோலத் தோன்றும். உண்மையில் அவை எல்லாம் ஒரே நாளில் கெட்டவை.

கன்கரன்ட்லி பிழை

போஸ்ட்கிரெஸ் 14.0 முதல் 14.3 வரை ஒரு கடுமையான பிழை இருந்தது. கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி, ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி இரண்டும், கட்டும் நேரத்தில் அப்டேட் ஆன சில பதிவுகளை இண்டெக்ஸில் சேர்க்காமல் விட்டுவிடும். 2022 ஜூனில் வந்த 14.4 அதைச் சரிசெய்தது. இதன் விபரீதத்தை யோசியுங்கள்: கெட்ட இண்டெக்ஸைச் சரிசெய்ய நீங்கள் ஓட்டும் கட்டளையே அடுத்த கேட்டை விதைக்கிறது. எழுத்து, எண் என்ற பேதம் இல்லாமல் எந்த இண்டெக்ஸும் பாதிக்கப்படும். 2017 பிப்ரவரியில் வந்த 9.6.2 வெளியீடும் கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லியில் இருந்த இன்னொரு பழைய பிழையைத் திருத்தியதுதான்.

ஆகவே உங்கள் பதிப்புக்கும் அதே வரிசையின் கடைசி மைனர் பதிப்புக்கும் இடையிலுள்ள எல்லா வெளியீட்டுக் குறிப்புகளிலும் ரீஇண்டெக்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். எந்த இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று அந்தக் குறிப்புகள் தெளிவாகச் சொல்லும். மைனர் பதிப்புகளைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்று நினைக்கும் இடங்கள் இன்னும் நிறைய உண்டு. அந்த எண்ணம் மாற வேண்டும்.

மாறாதது என்று பொய் சொல்லும் ஃபங்ஷன்

எக்ஸ்ப்ரெஷன் இண்டெக்ஸில் இம்யூட்டபிள் ஃபங்ஷனை மட்டுமே போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும். ஒரே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடை. அந்தத் தடையைத் தாண்ட, மாறக்கூடிய ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்குள் சுற்றி அதற்கு இம்யூட்டபிள் என்று முத்திரை குத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸ் அந்த முத்திரையை நம்பிவிடும்.

நம்மூர்ச் சூழலில் எளிதில் நடக்கக்கூடியது இது: டைம்ஸோனோடு கூடிய நேரத்தைத் தேதியாக மாற்றும் ஃபங்ஷன். வலை நிரல் ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தில் இணைகிறது. இரவு ஓடும் பேட்ச் வேலை யூடிசியில் இணைகிறது. இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30-க்கும் இடைப்பட்ட ஒரு பதிவுக்கு இரண்டும் வெவ்வேறு தேதியைக் கணக்கிடும். ஒரே இண்டெக்ஸில் இரண்டு வகைத் தேதிகளும் போய் உட்காரும். ரீஇண்டெக்ஸ் போட்டால் போட்டவரின் நேர மண்டலப்படி எல்லாம் சீராகும். அன்று இரவே மறுபடி கெடும். தீர்வு, நேர மண்டலத்தை ஃபங்ஷனுக்குள்ளேயே வெளிப்படையாக எழுதுவது.

எழுத்துகளின் மேற்குறிகளை நீக்கும் அன்அக்ஸென்ட் எக்ஸ்டென்ஷனைச் சுற்றி எழுதிய ஃபங்ஷன்களும் இப்படித்தான்: விதிக் கோப்பை மாற்றினால் இண்டெக்ஸ் பழசாகிவிடும். ஃபங்ஷனின் உடலை கிரியேட் ஆர் ரீப்ளேஸ் மூலம் மாற்றினாலும் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸைத் தானாகத் திரும்பக் கட்டுவதில்லை. டெப்ளாய்மென்ட் தேதிகளோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

டிஸ்க், மெமரி, பராமரிப்புப் பழக்கங்கள்

டேட்டா செக்சம் (பக்கம் மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஆன் ஆகியிருந்தால் விசாரணை பாதி முடிந்த மாதிரி. பதிப்பு 18-இல் புதிய கிளஸ்டர்களுக்கு இது இயல்பாகவே ஆன். அதற்கு முன் கிளஸ்டரை உருவாக்கும் இனிட்டிபி நேரத்தில் கேட்டு வாங்க வேண்டும், அல்லது பதிப்பு 12 முதல் சர்வரை நிறுத்திவிட்டு பிஜி_செக்சம்ஸ் மூலம் இயக்கலாம். செக்சம் தவறினால், போஸ்ட்கிரெஸ் எழுதிக் கொடுத்த பக்கம் வெளியே எங்கோ மாறியிருக்கிறது: டிஸ்க், கன்ட்ரோலர், ஃபைல்சிஸ்டம், வர்ச்சுவலைசேஷன். செக்சம் எல்லாம் சரியாக இருந்தும் இண்டெக்ஸ் கெட்டிருந்தால், பெரும்பாலும் பக்கம் தவறாகவே எழுதப்பட்டிருக்கிறது: கொலேஷன், பிழை, ஃபங்ஷன், அல்லது பழுதான மெமரி.

பிளாக் எண்களையும் பாருங்கள். பக்கம் ஒன்றுக்கு 8 கேபி, கோப்பு ஒன்றுக்கு 1 ஜிபி என்பதால் 1,31,072 பக்கங்களுக்கு ஒரு கோப்பு. கெட்ட பக்கங்கள் எல்லாம் நெருங்கிய இடங்களில் இருந்தால், அல்லது பக்கம் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால், சேமிப்பகம் எழுதக் கொடுத்ததைத் தொலைத்திருக்க வாய்ப்பு அதிகம். கர்னல் லாக், டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை, ஈசிசி மெமரியின் பிழை எண்ணிக்கை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எஃப்சிங்க் (எழுதியது டிஸ்க்கில் இறங்கியதை உறுதி செய்வது) ஆஃப் ஆகியிருக்கிறதா, ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் (பக்கத்தை முழுதாக வால் லாக்கில் எழுதி வைப்பது) ஆஃப் ஆகியிருக்கிறதா? வேகத்துக்காக என்றோ யாரோ மாற்றியிருப்பார்கள். இரண்டும் மின்தடைவரை எந்தத் தொந்தரவும் தராது. ஒவ்வொரு மின்தடைக்கும் பிறகு இண்டெக்ஸ் கெடுகிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். அடுத்தது, மின் இழப்புப் பாதுகாப்பு இல்லாத எஸ்எஸ்டி. 2018-இல் வெளிவந்த இன்னொரு உண்மை, லினக்ஸில் எஃப்சிங்க் ஒரு முறை தோற்றபின் மறுபடி கூப்பிட்டால் வெற்றி என்று சொல்லிவிடக்கூடும் என்பது. 2019 பிப்ரவரி மைனர் பதிப்புகள் முதல் போஸ்ட்கிரெஸ் அந்த நிலையில் உடனே நின்றுவிட்டு வால் லாக்கிலிருந்து மீட்கிறது. அதற்கு முந்தைய மைனர் பதிப்பில் இன்னும் இருப்பவர்கள் வேறு எதையும் தேடும் முன் மேம்படுத்த வேண்டும்.

பராமரிப்புப் பழக்கங்களில் மூன்று கொடியவை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா டைரக்டரியை முறையான பேக்கப் கட்டளைகள் இல்லாமல் ஆர்சிங்க் செய்து மீட்டெடுப்பது. மீட்டெடுக்கும்போது சர்வர் எழ மறுக்கிறது என்று பேக்கப்_லேபிள் கோப்பை அழிப்பது. சர்வர் எழுந்துவிடும், உள்ளே பாதிப் பக்கங்கள் பழசாக இருக்கும். மூன்றாவது, சர்வர் ஏற்கெனவே ஓடுவதைக் காட்டும் போஸ்ட்மாஸ்டர் பிஐடி கோப்பை அழித்துவிட்டு ஒரே டைரக்டரியில் இரண்டு சர்வர்களை எழுப்புவது. தனித்தனி கன்டெய்னர்களில் ஓடும் இரண்டு போஸ்ட்கிரெஸ்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அதனால் ஒரே வால்யூம் இரண்டு கன்டெய்னர்களுக்கும் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

படி 6: திருத்தம்

காரணம் தெரிந்து, அது நிறுத்தப்பட்ட பிறகுதான் இந்தப் படி. சர்வர்களின் ஜிலிப்சி ஒன்றாகிவிட்டதா, பதிப்பு மேம்பட்டதா, ஃபங்ஷன் திருத்தப்பட்டதா, டிஸ்க் மாற்றப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரீஇண்டெக்ஸுக்கு முன் யுனிக் இண்டெக்ஸ்களில் இரட்டைப் பதிவுகளைத் தேட வேண்டும். படி 2-இல் சொன்னபடி இண்டெக்ஸ் ஸ்கேன்களை ஆஃப் செய்துவிட்டு, யுனிக் காலத்தால் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். ஆஃப் செய்ய மறந்தால் கெட்ட இண்டெக்ஸையே சாட்சிக்குக் கூப்பிட்டதாகிவிடும். இரட்டைகள் இருக்கும்வரை ரீஇண்டெக்ஸ் பிழை சொல்லி நின்றுவிடும்.

இரட்டைகளில் எதை அழிப்பது என்பது டேட்டாபேஸ் தனியாகத் தீர்மானிக்கக் கூடியதல்ல. ஒரே மின்னஞ்சலுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால், சில ஆர்டர்கள் ஒன்றிலும் சில மற்றதிலும் தொங்கும். ஒன்றை அழித்தால் அதன் ஆர்டர்களும் போகும், அல்லது ஃபாரின் கீ தடுக்கும். முதலில் இரண்டு பதிவுகளையும் தனி டேபிளில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு எந்த எண் நிற்க வேண்டும் என்று அந்தத் துறையின் ஆட்களோடு பேசி முடிவு செய்து, கிளைப் பதிவுகளை அதற்கு மாற்றி, கடைசியாக மற்றதை நீக்குங்கள். எல்லாக் காலங்களும் ஒன்றாக உள்ள அச்சு இரட்டை என்றால் சிடிஐடி (டேபிளில் பதிவு இருக்கும் இடத்தின் குறி) கொண்டு ஒன்றை நீக்கலாம். ஆனால் ப்ரைமரி கீயிலேயே, அதுவும் எண் வகைக் காலத்தில், இரட்டை கிடைத்தால் கை வைக்காதீர்கள். கொலேஷன் அதை உண்டாக்காது. டேபிளே கெட்டிருக்கக்கூடும்.

இப்போது ரீஇண்டெக்ஸ். கொலேஷன்தான் காரணம் என்றால், சி கொலேஷனில் இல்லாத எழுத்துக் காலம் ஒன்றாவது உள்ள எல்லா பி-ட்ரீ இண்டெக்ஸ்களையும் எடுங்கள். கலப்பு இண்டெக்ஸில் இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தாலும் கணக்குதான். எழுத்துக் காலத்தின் மேல் உள்ள பிரின் என்ற வகை இண்டெக்ஸ்களையும் விடாதீர்கள். எழுத்தின் வீச்சால் பார்ட்டிஷன் பிரித்திருந்தால் சில பதிவுகள் இப்போது தவறான பார்ட்டிஷனில் இருக்கும். ரீஇண்டெக்ஸ் அவற்றை நகர்த்தாது, நீங்கள்தான் எடுத்து மீண்டும் செருக வேண்டும்.

டேபிளில் எழுதுவதை நிறுத்தி வைக்க முடிந்தால் சாதாரண ரீஇண்டெக்ஸ் வேகமானது. முடியாவிட்டால் கன்கரன்ட்லி. அது பாதியில் தோற்றால் சிசிநியூ என்று முடியும் பெயரில் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், தேடி நீக்குங்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி ஆம்செக், ஹீப்ஆல்இண்டெக்ஸ்டோடு, எல்லா சர்வர்களிலும். கொலேஷன் பதிப்பைப் புதுப்பிக்கும் கட்டளை அதற்கும் பிறகு.

படி 7: மறுபடி வராமல்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாற்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புது சிஸ்டத்தில் ரெப்ளிகா எழுப்பி, ஓட விட்டு, ஒரு இரவில் அதைப் பிரைமரியாக்குவது பிரபலமான வழி. ஜிலிப்சி மாறுகிறது என்றால் அந்த வழி இந்த நோயை நேராகக் கொண்டுவரும். லாஜிக்கல் ரெப்ளிகேஷனையோ டம்ப் எடுத்து மீட்பதையோ தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் இண்டெக்ஸ்கள் புது இடத்திலேயே புதிதாகக் கட்டப்படும். பிஜி_அப்கிரேடு இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிட நிலையான ஏற்பாடு, இண்டெக்ஸ்களை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வரிசையிலிருந்தே பிரித்துவிடுவது. மின்னஞ்சல், பொருள் குறியீடு, டோக்கன் போன்ற காலங்களுக்கு மொழி வரிசை தேவையே இல்லை. அவற்றை சி கொலேஷனுக்கு மாற்றுங்கள். பதிப்பு 17 முதல் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருக்கும் சி.யூடிஎஃப்-8 கொலேஷன் இதற்கு மிகப் பொருத்தம், வெளியே எந்த நூலகத்தையும் அது நம்பியிருக்கவில்லை.

தமிழ்ப் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு விலை உண்டு. சி கொலேஷன் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்பும் வரும். புள்ளி வைத்த க், கா, கி எல்லாவற்றுக்கும் பின்னே போகும். அகராதி வரிசை எதிர்பார்க்கும் வாசகருக்கு இது தவறாகத் தெரியும். அதற்காக இண்டெக்ஸை மொழி வரிசையில் கட்ட வேண்டியதில்லை. தேடலுக்கான இண்டெக்ஸ் சி கொலேஷனில் இருக்கட்டும். திரையில் காட்டும் க்வெரியின் ஆர்டர் பையில் மட்டும் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைக் குறிப்பிடுங்கள். வரிசைப்படுத்துவது அந்த நேரத்தில் நடந்து முடிவதால் டிஸ்க்கில் எதுவும் தங்காது, கெடவும் வழியில்லை. மிகப் பெரிய பட்டியலை அகராதி வரிசையில் பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் ஐசியு இண்டெக்ஸ் ஒன்று கட்டி, ஐசியு மேம்படும்போது திரும்பக் கட்ட வேண்டும் என்று குறித்து வையுங்கள்.

டாக்கர் டேக்கில் டெபியன் வெளியீட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். புது சர்வர் கிளஸ்டரில் சேரும்போது ஜிலிப்சி பதிப்பு மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் ஒரு வரியை அமைப்பு ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சேர்க்கவே கூடாது.

கண்காணிப்புக்கு, லாக்கில் எக்ஸ்எக்ஸ்001, எக்ஸ்எக்ஸ்002 வந்தால் உடனே அலாரம் அடிக்க வேண்டும். பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸில் செக்சம் தோல்விகளின் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டினாலும் அப்படியே. வாரம் ஒரு முறை பேக்கப்பைத் தனி சர்வரில் மீட்டெடுத்து அங்கே பிஜி_ஆம்செக்கை முழு ஆழத்தில் ஓட்டுங்கள். வேலை நேரச் சர்வருக்குச் சுமை இல்லை, எழுதுவதைத் தடுக்கும் ஆழமான சோதனையும் அங்கே தாராளமாகச் செய்யலாம், பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்பதும் அதே வேலையில் தெரிந்துவிடும். ஒரு நிபந்தனை: அந்தச் சர்வரின் ஜிலிப்சி, பிரைமரியில் உள்ள அதே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல இண்டெக்ஸ்களையெல்லாம் கெட்டவை என்று அது வாராவாரம் அறிக்கை அனுப்பும்.